பீடி சுற்றும் கை எத்தனை அடி நடக்கும்?

தென்காசி மாவட்டத்தில், ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஆச்சி ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. துபாயில் வேலை பார்க்கும் அவருடைய மகன் லீவுக்கு வந்தபோது அம்மா கையில் காலடிகளை எண்ணும் ஒரு ஸ்மார்ட் பேண்ட் கட்டிவிட்டுப் போனார். ராத்திரி எட்டு மணி வாக்கில் மகள் வயிற்றுப் பேத்தி போனில் அதைத் திறந்து பார்த்து, அன்றைக்கு எத்தனை அடி என்று வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பிவிடுவாள். 6,000, 7,000 என்று தினமும் வரும். "எங்கம்மா இந்த வயசுலயும் நல்லா நடக்காங்க" என்று அவருக்கு ஒரு நிம்மதி.

ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். ஒன்பது மணிக்கு ஆச்சி பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்தார். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, மடக்கி, நூலைச் சுற்றிக் கட்டுகிறார், அடுத்த இலையை எடுக்கிறார், இப்படியே நாள் முழுக்க. நடுவில் சாப்பாட்டுக்கு, பின்பக்கம் போய்வர, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க என்று நாலைந்து தடவை எழுந்திருப்பார், அவ்வளவுதான். அன்றைக்கும் பேண்டில் 5,800 காட்டியது. மணிக்கட்டு ஒரே தாளத்தில் அசைவதை எல்லாம் அது நடையாக எண்ணியிருக்கிறது. மகனிடம் போனில் இதை விளக்கியபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்போ இத்தனை நாளா நான் பார்த்தது எதை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் போனில் சொன்ன பதில் பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். முதியவர்கள் அன்றாடம் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதை உடம்பில் கட்டும் சென்சார் வைத்து அளக்கும் ஒரு ஆய்வில் இரண்டு வருடம் களப்பணி செய்தேன். வீடு வீடாகப் போய்ப் பேசுவது, சென்சாரைக் கட்டிவிடுவது, எட்டாம் நாள் போய்க் கழற்றிக்கொண்டு வருவது, தரவை இறக்கிப் பார்ப்பது எல்லாம் என் வேலை. ஆய்வின் முடிவுகளை இங்கே சொல்லப்போவதில்லை, அதை எழுத வேண்டியவர்கள் எழுதுவார்கள். களத்தில் நான் கற்றுக்கொண்டதும், தவறாகச் செய்து திருத்திக்கொண்டதும் மட்டும் இங்கே. இப்போது அப்பா அம்மாவுக்கு பேண்ட் வாங்கிக் கட்டிவிடும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்த மாதிரி ஆய்வுக்கு வரும் மாணவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் உதவும் என்று நினைக்கிறேன். 2021 கணக்கீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே நாம்தான். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள் என்று கேட்டால் நாம் பெரும்பாலும் ஊகத்தில்தான் பதில் சொல்கிறோம்.

கேட்டாலே தெரிந்துவிடாதா என்று தோன்றும். கேட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. வேலையில், போக்குவரத்தில், ஓய்வு நேரத்தில் கடினமான உழைப்பு எவ்வளவு, மிதமான உழைப்பு எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை நிமிடம் என்று வரிசையாகக் கேட்கும். ஒரு ஆச்சியிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்றேன். "வேலையா? ஒண்ணும் இல்ல பிள்ள, சும்மாத்தான் இருக்கேன்" என்றார். பேசிக்கொண்டே இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைத்தார், மாட்டுக்கு வைக்கோல் உருவிப் போட்டார், வாசலைக் கூட்டினார். நம் ஊரில் கூலி வராத எதையும் வேலை என்று சொல்லும் பழக்கம் பெண்களுக்குக் கிடையாது. கேள்வித்தாளில் அவருடைய நாள் முழுதும் பூஜ்யம். அதே தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போவதாகச் சொன்னார். போகிறார்தான். போகிற வழியில் டீக்கடையில் பேப்பர் படிக்கும் நேரமும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பி வரும் வரைக்கும் அவருக்கு அது வாக்கிங். இதற்காகத்தான் சென்சார். நினைவிலிருந்து, அதுவும் நிமிடக் கணக்கில் சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல், உடம்பு அசைவதை நேரடியாகப் பதிவு செய்கிறது.

அதன் பெயர் ஆக்சிலரோமீட்டர். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. உள்ளே சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய எடை ஒன்று மெல்லிய கம்பிச் சுருள் போன்ற அமைப்பில் தொங்குகிறது. உடம்பு அசையும்போது அதுவும் இம்மி அளவு நகரும், அந்த நகர்வு மின்சார மாற்றமாகப் பதிவாகும். மேல் கீழ், முன் பின், பக்கவாட்டு என்று மூன்று திசைகளில், ஒரு நொடிக்கு முப்பது முதல் நூறு தடவை. அசையாமல் வைத்திருந்தாலும் பூமியின் ஈர்ப்பு அதில் தெரியும். அதனால் பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தொடையில் ஒட்டினால், தொடை படுக்கையாக இருக்கிறதா நிமிர்ந்து இருக்கிறதா என்று பார்த்து, உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்று சொல்லிவிடலாம். இடுப்பிலோ கையிலோ கட்டியதை வைத்து அதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆக, எங்கே கட்டுகிறோம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன், ஆனால் சேலை கட்டிய ஒருவர் இடுப்பில் கட்ட முயன்ற முதல் நாள்தான் புரிந்தது. செய்முறைக் குறிப்பில் 'இடுப்பு எலும்புக்கு மேல், வலது பக்கம், பெல்ட்டில் மாட்டவும்' என்று இருக்கும். கால்சட்டை போட்டவர்களுக்காக எழுதியது. எங்கள் ஆச்சிகளுக்கு அந்த இடத்தில் பாவாடை நாடா இருக்கிறது, சேலைச் சொருகு இருக்கிறது, சுருக்குப்பை இருக்கிறது, சில பேருக்கு சாவிக்கொத்தும். சேலைக்கு மேலே எலாஸ்டிக் பெல்ட் போட்டால் வழுக்கி இறங்கும், யாராவது பார்த்து என்ன இது என்று கேட்பார்கள், கூச்சத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள். பாவாடை நாடாவுக்கு அடியில், தோலோடு ஒட்டாமல் ஒரு பருத்தித் துணிப்பட்டை வைத்து, அதற்கு மேல் பெல்ட்டைக் கட்டச் சொன்னோம். அது நின்றது. இந்த யோசனையைச் சொன்னது ஒரு ஆச்சிதான். எங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்களுக்கு வேட்டிக்குமேல் பெல்ட் போடும் வழக்கம் ஏற்கெனவே இருந்ததால் சிரமம் இல்லை.

தொடையில் ஒட்டுவதற்கு வேறு சங்கடம். பிளாஸ்டரின் அடியில் சித்திரை வைகாசி வெயிலில் வியர்த்து, அரித்து, மூன்றாம் நாள் தோல் சிவந்துவிடும். முதியவர்கள் தோல் காகிதம் மாதிரி இருக்கும், உரித்து எடுக்கும்போது கூடவே வந்துவிடும் என்று பயந்து பயந்து எண்ணெய் தடவி எடுத்திருக்கிறேன். ஒருவருக்குச் சின்னக் கொப்புளம் வந்துவிட்டது, அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வெயில் மாதங்களில் தொடையில் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் மூன்றாம் நாள் நேரில் போய்ப் பார்த்து, இடத்தை மாற்றி ஒட்டுவது என்று வைத்துக்கொண்டோம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொன்று, நாம் தரையில் உட்காரும் மக்கள். குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்ப்பதும், அடுப்பு ஊதுவதும், களை பறிப்பதும் தொடை சென்சாருக்கு வெறுமனே உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்துவிடலாம், ஏனென்றால் தொடை நிமிர்ந்து இல்லை. உண்மையில் அந்த நிலையில் தொடைத் தசையும் முதுகும் நன்றாகவே வேலை செய்கின்றன. எழுபது வயதில் ஒருவர் கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்திருக்கிறார் என்றால் ஒரு பிசியோதெரபிஸ்டாக அவரைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரிந்துவிடும். அதையெல்லாம் அந்தப் பெட்டி சொல்லாது.

பீடி சுற்றுகிற ஆச்சிகளுக்குக் கையில் கட்டினால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொன்னேன். பூ கட்டுகிறவர்கள், பனையோலை முடைகிறவர்கள், உட்கார்ந்து கடலை உரிப்பவர்கள், தொட்டில் ஆட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இதே கதை. கை ஓயாது, கால் அசையாது. அதேசமயம் கையில் கட்டுவதற்கு ஒரு பெரிய நல்லது உண்டு. மறக்க மாட்டார்கள், குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற மாட்டார்கள். பிரிட்டனில் யுகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவ ஆய்வில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சம் பேருக்கு மேல் கையில்தான் கட்டி ஏழு நாள் அளந்தார்கள். அமெரிக்க தேசிய சுகாதார ஆய்விலும் 2003 முதல் 2006 வரை இடுப்பில் கட்டியவர்கள் 2011இல் கைக்கு மாறினார்கள். காரணம், இடுப்பில் கட்டினால் பலர் சரியாக அணிவதில்லை. அதனால் கை தப்பு, இடுப்பு சரி என்று ஒரே வரியில் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மனிதர் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்த பிறகுதான் இடத்தை முடிவு செய்ய வேண்டும், கையில் கட்டினால் வேலை நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இடுப்பில் கட்டிவிட்டோம், எண் சரியாக வருமா? மெதுவாக நடப்பவர்களுக்கு வராது. முதல் மாதத்திலேயே ஒரு தாத்தாவுக்குக் கட்டியதில் ஒரு நாளைக்கு 900 அடிதான் வந்தது. ஆனால் அவர் கோயில் வரைக்கும் போய்வருவதை நானே பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்து, அவரோடு சேர்ந்து தெருவில் நடந்தேன். வாய்விட்டு எண்ணிக்கொண்டே சரியாக நூறு அடி. சென்சாரில் 41. காலைத் தரையோடு தேய்த்து, ஊன்றுகோல் வைத்து, நின்று நின்று நடப்பவர். இடுப்பு அதிரவே இல்லை. நடையோடு சம்பந்தமில்லாத அசைவை வடிகட்டுவதற்காகச் சின்னச் சின்ன அதிர்வுகளை ஒதுக்கிவிடும்படி இந்தக் கருவிகளில் ஏற்பாடு இருக்கும், அதில் தாத்தாவின் நடையும் சேர்ந்து ஒதுங்கிவிட்டது. அன்றிலிருந்து யாருக்குக் கட்டினாலும் நூறு அடி கூடவே நடந்து எண்ணிப் பார்க்காமல் வருவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை. வீட்டில் பேண்ட் கட்டிவிடுகிறவர்களும் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். நூறுக்கு 90க்கு மேல் வந்தால் நம்பலாம். 60, 50 என்று வந்தால் அந்த எண்ணை வைத்துப் பெரியவரைத் திட்டாதீர்கள்.

வாக்கர் பிடித்து நடப்பவர்களுக்குக் கையில் கட்டவே வேண்டாம். இரண்டு கையும் கம்பியில் ஊன்றி இருக்கும், கை வீசாது, அடி பதிவாகாது. இடுப்பில் குடம் வைத்து நடக்கும்போதும், சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போதும்கூட அந்தக் கை அசையாது. மெதுவாக நடப்பவர்களுக்குக் கணுக்கால்தான் நல்ல இடம். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கால் முன்னால் போய்த்தானே ஆக வேண்டும். கணுக்காலில் கட்டும் கருவிகள் தனியாகவே இருக்கின்றன. சாதாரண பேண்டையே கொலுசு மாதிரி கணுக்காலில் கட்டிப் பார்த்தாலும் கையைவிட நன்றாக எண்ணும். கால் வீக்கம் இருந்தால் மட்டும் இறுக்கக் கூடாது.

இப்போது என்னை மிகவும் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு சென்சார் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 'கவுண்ட்ஸ்' என்று ஒரு எண் தரும். அந்த நிமிடத்தில் எவ்வளவு அசைவு என்பதற்கான கணக்கு. 100க்குக் கீழே என்றால் அசையாமல் இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். மிதமான உழைப்பு என்று சொல்ல ஒரு எல்லைக்கோடு வேண்டும். 1998இல் வந்த புகழ்பெற்ற ஒரு ஆய்வு அந்தக் கோட்டை 1,952 என்று வைத்தது. டிரெட்மில்லில் நடந்து, ஓடி அதற்கு உதவியவர்கள் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அந்தக் கோட்டை எழுபது வயது ஆச்சிக்குப் போட்டால், விடிகாலையில் எழுந்து, தண்ணீர் எடுத்து, மாடு பார்த்து, நூறு நாள் வேலைக்கும் போய் வந்தவருக்கு மிதமான உழைப்பு ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் என்று வரும். 'உடல் உழைப்பு போதாதவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர் போய் விழும். என் லேப்டாப்பில் அப்படி வந்தபோது எனக்குக் கோபமே வந்தது. அவரோடு வயலில் நின்றிருக்கிறேன், வியர்வை வழிவதைப் பார்த்திருக்கிறேன்.

வயதாகும்போது இதயமும் நுரையீரலும் தாங்கும் உச்சம் குறைகிறது. இருபது வயதுக்காரருக்கு உலாவுவது மாதிரி இருக்கும் வேகம், எழுபது வயதுக்காரருக்கு மூச்சு வாங்க வைக்கும். அவர் உடம்பைப் பொறுத்தவரை அது மிதமான உழைப்பேதான். 2009இல் முதியவர்களையே வைத்துச் செய்த ஆய்வில் அந்த எல்லைக்கோடு 1,041 என்று வந்தது. ஏறக்குறைய பாதி. ஒரே தரவு, ஒரே ஆச்சி, கோட்டை மட்டும் மாற்றினால் இரண்டு நிமிடம் என்று வந்தது பல மடங்காக மாறும். அந்த 1,041ம் கனடாவில் நடந்து பார்த்துக் கண்டுபிடித்தது, குத்துக்காலிட்டுக் களை பறிப்பவர்களைப் பார்த்து அல்ல. இந்த மாதிரி ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தக் கோடு, அது யாரை வைத்துப் போட்டது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் கோடே இல்லாமல், ஒரு நாளின் மொத்த அசைவு எவ்வளவு, எந்த நேரத்தில் அதிகம், உட்கார்ந்த நேரம் எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்று பாருங்கள்.

தரவு இறக்கும்போது நடந்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை சென்சாரைத் தயார் செய்த லேப்டாப்பில் நேர மண்டலம் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 5 மணிக்குக் கோலம் போட்டவர் முந்தின நாள் ராத்திரி 11.30க்கு எழுந்து பெருக்கியதாக வரைபடம் காட்டியது. நாலு பேர் தரவு அப்படி வந்த பிறகுதான் பிடிபட்டது, நல்லவேளை கூட்டிச் சரி செய்ய முடிந்தது. இன்னொரு தடவை சார்ஜ் முழுதாக ஏறியதா என்று பார்க்காமல் கட்டிவிட்டு வந்து, இரண்டாம் நாளே நின்றுபோயிற்று. மறுபடியும் ஒரு வாரம் கட்டிக்கொள்ளச் சொல்லி அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது எனக்கு முகமே இல்லை. "அதுக்கென்ன, கொண்டா" என்று கையை நீட்டினார் அந்த அம்மா.

வழக்கமாக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது அணிந்திருக்க வேண்டும், அப்படி நாலு நாளாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த வாரத்தைக் கணக்கில் எடுப்பார்கள். கழற்றி வைத்தாரா இல்லையா என்பதை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும் என்றால், தொடர்ந்து அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ பூஜ்யம் வந்தால் கழற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளும். இதில் முதியவர்களுக்கு ஒரு அநியாயம் நடக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் முழுசாகவே பூஜ்யம் வரும். அதைக் கழற்றியதாக நினைத்து வெட்டிவிட்டால், படுத்திருந்த நேரம் காணாமல் போய், மிச்சம் இருக்கும் நாள் ரொம்பச் சுறுசுறுப்பாகத் தெரியும். அறுபதைவிடத் தொண்ணூறு நிமிட விதி முதியவர்களுக்குப் பொருத்தம். அதோடு கழற்றி மாட்டிய நேரத்தை எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எழுதுவது யார்? குறிப்பேடு கொடுத்தோம், வெறும் தாளாகவே திரும்பி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர், தெரிந்தவர்களுக்கும் கண்ணாடி தேட வேண்டும். அவர்கள் நாளைக் கடிகாரத்தில் வாழ்வதில்லை என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. காலை முதல் பஸ், பள்ளிக்கூட மணி, பீடிக் கடைக்கு மூட்டை போகிற நேரம், பள்ளிவாசல் பாங்கு, ராத்திரி சீரியல். இவற்றையே படமாகப் போட்டு ஒரு தாள் தயாரித்தோம். எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் கழற்றினீர்கள் என்று விரலை வைத்துக் காட்டினால் போதும். தினமும் சாயங்காலம் ஒரு போன் பண்ணி இரண்டு நிமிடம் பேசினேன். அந்தப் போனுக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. இரண்டு நிமிடம் என்பது பல வீடுகளில் இருபது நிமிடம் ஆகும், அதையும் வேலை நேரத்தில் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஒரு தரவில் சாயங்காலம் 4 மணிக்கு மேல் திடீரென்று பயங்கர ஓட்டம். எழுபத்தெட்டு வயது தாத்தா. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாங்கி மாட்டிக்கொண்டு தெருவில் விளையாடியிருக்கிறான். அவனுக்கென்று பழைய டம்மி ஒன்றைக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மேடு பள்ளமான ரோட்டில் போனால் அதுவும் அசைவாகவே பதிவாகும். டவுன் பஸ்ஸும் அப்படித்தான். அப்புறம் முதல் நாள் எல்லாருமே கொஞ்சம் கூடுதலாக நடப்பார்கள், நம்மை யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம். அந்த முதல் நாளை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். வாரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் வாரமும் இல்லாத வாரமும் இரண்டு வேறு மனிதர்களை அளந்தது போல இருக்கும். கோயில் கொடைத் திருவிழா நடக்கும் வாரத்தில் கட்டிவிட்டுப் போய் நான் ஏமாந்திருக்கிறேன்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இதுல நாங்க பேசுறது பதிவாகுமா?" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். அடுத்தது, "முதியோர் பணத்தை நிப்பாட்டிருவாங்களோ?" நன்றாக நடமாடுகிறார் என்று மிஷின் சொல்லிவிட்டால் பென்ஷன் போய்விடுமோ என்ற கவலை. அந்தப் பணத்தில் மாத்திரை வாங்குபவருக்கு அது நியாயமான கவலை. நாங்கள் கையெழுத்து வாங்கும் தாளில் 'தகவல் ரகசியமாகக் காக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது, அந்த வரியால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. ஒரு சென்சாரைக் கையில் கொடுத்து, திருப்பிப் பார்க்கச் சொல்லி, இதில் மைக் இல்லை, கேமரா இல்லை, எங்கே போகிறீர்கள் என்றும் தெரியாது, ஆட்டினால் ஆடியது என்று மட்டும் எழுதிக்கொள்ளும் என்று சொல்லி, என் லேப்டாப்பிலேயே அதை ஆட்டிக் காட்டினேன். கோடு மேலே கீழே போவதைப் பார்த்ததும் பயம் போய்விடும். வேண்டாம் என்று அதன் பிறகும் சொன்னவர்களை நான் வற்புறுத்தவில்லை.

10,000 அடி பற்றிக் கேட்காத வீடே இல்லை. "டாக்டர் பத்தாயிரம் நடக்கச் சொன்னாரு, முட்டி விடமாட்டேங்குது" என்பார்கள். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயர். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு வந்தது. மான்போ கெய் என்றால் பத்தாயிரம் அடி மானி. மருத்துவ ஆய்வில் பிறந்த எண்ணே இல்லை. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களுக்கு இடுப்பில் சென்சார் கட்டி, பிறகு சில வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களில் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 வாக்கில் அதற்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நடந்ததால்தான் நீண்ட நாள் இருந்தார்களா, ஆரோக்கியமாக இருந்ததால் நடந்தார்களா என்பதை இந்த மாதிரி ஆய்வில் முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 2,500 நடக்கும் ஒரு ஆச்சியிடம் இன்னும் ஆயிரம் கூட்டிப் பாருங்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் தைரியம், பத்தாயிரம் என்று சொன்னால் தெரியாது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் புதுப்பித்த வழிகாட்டுதலில், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். முதியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் மூன்று நாளாவது நிலை தடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சி என்று அதில் இருக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியை எந்த பேண்டும் எண்ணிச் சொல்லாது, அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

வீட்டில் பேண்ட் கட்டிவிட்டிருப்பவர்களுக்கு: அடுத்த வீட்டு அம்மாவின் எண்ணோடு உங்கள் அம்மாவின் எண்ணை ஒப்பிடாதீர்கள். அவருடைய போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். கருவி தப்பாக எண்ணினாலும், அதே இடத்தில் கட்டி, அதே வேலைகள் செய்துகொண்டிருந்தால், தப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். திடீரென்று ஒரு வாரம் பாதியாகக் குறைந்தால், எண்ணைக் காட்டிக் கண்டிக்காமல், கால் வலிக்கிறதா, தலை சுற்றியதா, கீழே விழுந்தீர்களா என்று கேளுங்கள். விழுந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைப்பவர்கள் மிக அதிகம். எங்கள் ஆட்களில் ஒரு தாத்தா குளியலறையில் வழுக்கியதை அவர் வீட்டில் யாரும் அறியவில்லை, நாலாம் நாளிலிருந்து அசைவு குறைந்திருப்பதைப் பார்த்து நான் கேட்டபோதுதான் சொன்னார்.

துபாய் மகனின் அம்மாவுக்கு அப்புறம் நாங்கள் முறையாக இடுப்பில் கட்டி ஒரு வாரம் அளந்தோம். கழற்றப் போன அன்று, "மிஷின் என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார். ஆய்வுத் திட்டத்தில் திருப்பிச் சொல்வதற்கென்று எதுவும் வைத்திருக்கவில்லை. உடம்பைக் கொடுத்தவருக்கு ஒன்றும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழு நாளையும் ஏழு பட்டையாக வரைந்து, அசைந்த நேரம் கறுப்பு, அசையாத நேரம் வெள்ளை என்று ஒரே தாளில் அச்செடுத்துக்கொண்டு மறுவாரம் போனேன். அதன் பிறகு எல்லாருக்கும் அப்படிக் கொடுத்தோம். ஆச்சி அதைத் திண்ணையில் விரித்து வைத்துப் பார்த்தார். பகல் முழுக்க நீளமாக வெள்ளையாக இருப்பதைக் காட்டி, பீடி என்றார். சரிதான். ராத்திரிப் பகுதியில் ஒவ்வொரு நாளும் இரண்டு, மூன்று சின்னக் கறுப்புக் கோடுகள் இருந்தன. இது என்ன என்று நான் கேட்டேன். மாத்திரை போட்டால் ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, லைட் எரிந்து நாலு மாதம் ஆகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வருகிறேன் என்றார். ரத்த அழுத்த மாத்திரையை எப்போது போடுகிறார் என்று கேட்டு, டாக்டரிடம் நேரத்தைக் கேட்டு வரச் சொன்னேன்.

அன்று ராத்திரி மகனுக்கு நான் அடி எண்ணிக்கை எதுவும் அனுப்பவில்லை. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, ராத்திரிக் கறுப்புக் கோடுகளைப் பேனாவால் வட்டம் போட்டு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியன் வந்து கொல்லைக்கு பல்பு போட்டுவிட்டுப் போனதாகப் பேத்தி சொன்னாள். சுவரோடு பிடித்து நடக்க ஒரு இரும்புக் கம்பியும் வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தட்டை இறக்கி வைத்துவிட்டு ஆட்டுத் தொழுவம் வரைக்கும் நடந்து வரச் சொல்லியிருக்கிறேன். மறக்காமல் செய்கிறாரா என்று கேட்டால், "பஸ் ஹாரன் கேட்டா எந்திரிச்சிருதேன்" என்கிறார்.